யூரிக் அமிலம் குறைந்தும் மூளை ஏன் தேறுவதில்லை?

ராயபுரம் மாணவி:
உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எச்ஜிபிஆர்டி நொதி பிறவியிலேயே இல்லாத லெஷ்-நைஹன் நோயில் யூரிக் அமிலம் பெருகுகிறது. அலோபியூரினால் என்னும் மருந்து கொடுத்தால் அது குறைந்து, சிறுநீரகக் கல்லும் மூட்டு வலியும் கட்டுப்படுகின்றன. ஆனால் பிள்ளை தன் உதட்டையும் விரலையும் கடித்துக்கொள்வது மட்டும் நிற்பதில்லை. ஆர்என்ஏவுக்கு வேண்டிய கட்டுமானப் பொருள்களான நியூக்ளியோடைடுகளைக் கல்லீரலே அனுப்பிவிடுகிறது என்றால், மூளைக்கு இந்த நொதி எதற்கு?

வண்ணை ஆசிரியர்:
நல்ல கேள்வி, அம்மா. அந்தக் கட்டுமானப் பொருள்களில் ஒரு வகையான பியூரினைப் புதிதாகக் கட்ட வேண்டுமானால், பிஆர்பிபி என்னும் சர்க்கரைப் பாஸ்பேட்டின் மேல் கிளைசின், குளுட்டமின், அஸ்பார்டேட், ஃபோலேட் தரும் கார்பன் என ஒவ்வொன்றாகச் சேர்த்து, பத்துப் படிகள் கடந்த பிறகே ஐஎம்பி என்னும் முதல் பியூரின் நியூக்ளியோடைடு கிடைக்கும். உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவும் அதிகம். பழைய ஆர்என்ஏவும் ஏடிபியும் சிதைந்து வரும் ஹைப்போசாந்தினையோ ஒரே படியில் பிஆர்பிபியுடன் இணைத்து ஐஎம்பி ஆக்கிவிடலாம். காயலான்கடைக்குப் போன மின்விசிறியிலிருந்து செம்புக் கம்பியை உருவி, வேறொரு மோட்டாருக்குச் சுற்றுவது போன்றது இது. அந்த வேலையைச் செய்வதுதான் எச்ஜிபிஆர்டி.

அது இல்லாதபோது ஹைப்போசாந்தின் யூரிக் அமிலமாகிறது. மிஞ்சிய பிஆர்பிபி புதிய உற்பத்தியையும் முடுக்கிவிடுகிறது. அலோபியூரினால், யூரிக் அமிலத்தை உண்டாக்கும் சாந்தின் ஆக்சிடேஸ் நொதியை மட்டுமே தடுக்கிறது; பழைய பியூரினை மீட்கும் வழி அடைபட்டபடியே கிடக்கிறது. அசைவுகளை ஒழுங்குபடுத்தும் மூளைப் பகுதியான பேசல் கேங்லியாவில் எச்ஜிபிஆர்டி மிகுந்து இயங்குவது வழக்கம்; நோயாளிகளுக்கு அங்கேதான் நரம்புச் செய்தி கடத்தும் டோபமைன் குறைந்திருக்கிறது. லெஷும் நைஹனும் நோயை விவரித்தது 1964இல். நொதிக் குறையைச் சீக்மில்லர் குழுவினர் கண்டது 1967இல்.

காசிமேட்டுக்காரன்:
இந்த ஹைப்போசாந்தின் மீன் விற்கும் எங்களுக்கும் தினசரிப் பழக்கம் என்று சொன்னால் மிகையாகாது! ஐஸ் பெட்டியில் நாள்பட்ட மீனில் ஏடிபி சிதைந்து, முதலில் சுவை தரும் ஐஎம்பியும், பிறகு ஐனோசினும், கடைசியில் கசக்கும் ஹைப்போசாந்தினும் சேர்கின்றன. அதன் அளவைக் கொண்டே மீனின் புதுமையைக் கணிக்கும் முறை உண்டு. செத்த மீனில் பிஆர்பிபி செய்ய ஏடிபி ஏது? அதனால்தான் அது தேங்குகிறது.

தண்டையார்பேட்டை:
ஆர்என்ஏவின் இன்னொரு வகைக் கட்டுமானப் பொருளான பிரிமிடின் கதை வேறு. கல்லீரல் இரத்தத்தில் விடும் யூரிடின், கடத்திப் புரதங்களின் வழியே மூளைக்குள் நுழைந்து, யூரிடின் கைனேஸ் நொதியால் யூஎம்பி (UMP) ஆகி, யூடிபி (UTP), சிடிபி (CTP) என வளர்கிறது. அந்தச் சிடிபி, ஆர்என்ஏவுக்கு மட்டுமல்ல, நரம்புச் சவ்வின் கொழுப்பான பாஸ்பாடிடைல்கோலினுக்கும் வேண்டும். மின்னூட்டமுள்ள பாஸ்பேட்டைச் சுமந்துகொண்டு எதுவும் எளிதில் சவ்வைக் கடக்காது. ஆகவே கேள்வியில் ‘நியூக்ளியோடைடு’ என்பதை பாஸ்பேட் இல்லாத ‘நியூக்ளியோசைடு’ என்று திருத்திக்கொள்ளுங்கள்.