ஸீபிரஷ்: தேர்ச் சக்கரத்தில் ரேடியல் சிமெட்ரி தடுமாறுகிறது

தெப்பக்குளத்தான்: மாசி வீதியில் ஓடுகிற தேரின் இரும்புச் சக்கரத்தை ஸீபிரஷ் என்கிற முப்பரிமாணச் சிற்ப மென்பொருளில் செய்கிறேன். சக்கரம் காட்சியின் நடுவில் இருந்தவரை ரேடியல் சிமெட்ரி (ஓரிடத்தில் செய்ததை மையத்தைச் சுற்றிப் பல இடங்களில் பதிக்கும் வசதி) ஒழுங்காக வந்தது, அச்சின் ஓரத்துக்கு நகர்த்தியதும் ஒரு போல்ட் குழி வைத்தால் மற்றவை சக்கரத்தில் விழவே மாட்டேன் என்கின்றன. அப்புறம் கன்ட்ரோல் ஷிஃப்ட் பிடித்து முன்முகத்தில் தேர்வுக் கட்டம் இழுத்தால் பின்முகமும் சேர்ந்து தேர்வாகிறது. என்ன செய்யலாம் அண்ணே?

மாட்டுத்தாவணி: தம்பி, சிமெட்ரி காட்சியின் நடுப்புள்ளியைத்தான் பார்க்கும். டிரான்ஸ்ஃபார்ம் மெனுவில் லோக்கல் சிமெட்ரியைப் போடுங்கள், அந்த சப்டூலின் (மாதிரியில் தனியாக இருக்கும் பாகம்) நடுவை எடுத்துக்கொள்ளும். ஆனால் சக்கரத்துக்கு முன்னால் போடும் முட்டுக்கட்டையையும் அதே சப்டூலில் வைத்திருந்தால் அதையும் சேர்த்தே நடுவைக் கணக்கிடும், மையம் ஒரு பக்கமாக நகர்ந்துவிடும். அதைத் தனி சப்டூலாகப் பிரித்துவிடுங்கள்.

பைபாஸ்காரன்: கட்டம் எப்போதும் ஊடுருவித்தான் பிடிக்கும். சக்கரத்தைப் பக்கவாட்டில் திருப்பி, முன்பாதியை மட்டும் விட்டு மற்றதை மறைத்து கன்ட்ரோல் டபிள்யூ அழுத்தினால் அது தனி பாலிகுரூப், அதாவது பரப்பின் தனித் தொகுதி. பிறகு கன்ட்ரோல் ஷிஃப்ட் பிடித்து வெற்றிடத்தில் தட்டினால் முழுதும் திரும்ப வரும், முன்முகத்தில் தட்டினால் அது மட்டும் நிற்கும். கையால் வளைத்து வரைந்து தேர்வு செய்யும் லாஸோவோடு மல்லுக்கட்டுவதைவிட இது மேல்.

தெப்பக்குளத்தான்: கட்டையைப் பிரித்ததும் போல்ட் வரிசை வந்துவிட்டது. பாலிகுரூப்பை ராத்திரி பார்க்கிறேன், இப்போது கரண்ட் போகும் நேரம்.