மூடுபனி பருப்பொருளா? பலூன் சோதனையில் தராசு அசையவே மாட்டேங்குது

அஸ்தம்பட்டி_டீச்சர்:
ஆறாம் வகுப்புக்குப் பருப்பொருள் (எடையும் இருக்கும், இடத்தையும் அடைக்கும்) பாடம். கல், பால், ஜவ்வரிசி வரைக்கும் தகராறு இல்லை. காத்துலதான் சிக்கல். வெறும் பலூன், ஊதின பலூன் ரெண்டும் சமையல் தராசில் ஒரே எடை காட்டுது. "அப்ப காத்துக்கு எடையே இல்லை"ங்கறாங்க பசங்க. ஏற்காட்டு மூடுபனி, டார்ச் வெளிச்சம், காப்பி வாசனை இதெல்லாம் எதில் சேர்த்தி?

தராசுமுள்:
தராசு பொய் சொல்லலைங்க டீச்சர். ஊதின பலூன் தன் பருமன் அளவுக்கு வெளிக்காற்றை விலக்குது. அதனால வெளிக்காற்று பலூனை மேலே தள்ளுது; அந்த மிதப்பு உள்ளே இருக்கிற காற்றின் எடையைச் சரிக்கட்டிடும். அமுங்கின உபரிக் காற்று மட்டும்தான் தராசில் தெரியும். பலூனில் அது 0.1 கிராம் தேறினாலே அதிகம்.

ஃபுட்பாலுக்கு மாறுங்க. பந்து உருண்டையா, ஆனா மெத்துன்னு இருக்கும்போது முதல் எடை. சப்பையா இருக்கும்போதே ஆரம்பிச்சா பருமனும் கூடி, பழையபடி மிதப்பு வந்து கெடுக்கும். அப்புறம் பம்பில் நல்லா விறைக்கிற வரை அடிச்சு, 5 நிமிஷம் ஆறவிட்டு, ஃபேனை நிறுத்திட்டு மறு எடை. 5-ம் நம்பர் பந்தில் சுமார் 4 கிராம் கூடும். தராசு 500 கிராம் தாங்கணும், 0.1 கிராம் காட்டணும். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக்கடைத் தராசு இதைவிட நுணுக்கம்.

சேர்வராயன்காரன்:
மூடுபனி நீராவி இல்லை, பொடிப்பொடியான நீர்த்துளி. திரவம்தான். ஒரு கன மீட்டர் அடர்பனியில் அரை கிராம் தண்ணி இருந்தாலே பெரிசு. அதே இடத்தில் 18 டிகிரியில் கண்ணுக்குத் தெரியாத நீராவி சுமார் 15 கிராம். காற்று? ஏற்காட்டு உயரத்தில், ஏறத்தாழ 1,500 மீட்டரில், ஒரு கிலோ! கண்ணுக்குத் தெரியறதுதான் இருக்கறதிலேயே லேசு.

காப்பி வாசனை, மூக்குவரை வந்து சேர்ற மூலக்கூறுகள், பருப்பொருளேதான். வெளிச்சம் அப்படி இல்லை. ரெண்டு டார்ச் ஒளியைக் குறுக்கே விட்டுப் பாருங்க, ஒண்ணு இன்னொண்ணுக்கு இடைஞ்சல் பண்ணாது.

வெள்ளைக்கல்:
நம்ம சேலத்து மேக்னசைட்டையே (மக்னீசியம் கார்பனேட் கல்) காட்டலாமே. சுத்தமான கல் 100 கிலோவைச் சூளையில் முழுசா வேகவெச்சா 48 கிலோதான் மிஞ்சும். "சூடு எடையைத் தின்னுடுச்சு"ன்னு பசங்க சொல்லுவாங்க. போன 52 கிலோவும் கார்பன் டைஆக்சைடு.

வகுப்பில் சூளைக்கு எங்கே போறது? ஒரு லிட்டர் பிளாஸ்டிக் சோடா பாட்டிலில் 100 மில்லி வினிகர். 5 கிராம் ஆப்பச்சோடாவை டிஷ்யூ பேப்பரில் பொட்டலமா கட்டிக்குங்க. மூடியோட எல்லாத்தையும் சேர்த்து எடை பார்த்துட்டு, பொட்டலத்தை உள்ளே போட்டு உடனே மூடியை இறுக்குங்க. பொங்கி அடங்கினாலும் எடை மாறாது. மூடியை மெதுவாத் திறந்தா உஸ்ஸுன்னு போகும், எடையும் குறையும். கண்ணாடி பாட்டில் கூடவே கூடாது, சோடாவும் 5 கிராமைத் தாண்ட வேண்டாம்.

மூடிக்குப் பதிலா பலூன் மாட்டாதீங்க. வாயு வெளியே போகாமலே எடை ஒரு கிராமுக்கு மேல் இறங்கும். காரணம் தராசுமுள் சொன்ன அதே மிதப்பு.

அஸ்தம்பட்டி_டீச்சர்:
பலூனைத்தான் மாட்டலாம்னு இருந்தேன்! சோடா பாட்டிலுக்கே போயிடறேன்ங்க.