அப்பாரின் அம்பாசிடர்: குடும்பக் குழு உரையாடல்

சனிக்கிழமை

பிரபு, காலை 7:12
எல்லோருக்கும் வணக்கம். அப்பாரின் அம்பாசிடர் நேற்று அவிநாசி சாலையில் சத்தம் போடத் தொடங்கிவிட்டது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் அடியிலிருந்து டொக் டொக் என்று தட்டுகிறது. வீட்டு வாசலில் நிற்கும்போது ஆயில் விளக்கும் மினுக்கியது.

பெரியப்பா, காலை 7:15
சத்தம் கேட்டதும் நிறுத்தினாயா, வீடு வரை ஓட்டி வந்தாயா?

பிரபு, காலை 7:16
4 கிலோமீட்டர் ஓட்டி வந்துவிட்டேன் பெரியப்பா.

பெரியப்பா, காலை 7:16
இனிச் சாவியைத் தொடாதே கண்ணு. மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல். வண்டி அவரிடம் போக வேண்டாம்.

அத்தை, காலை 7:40
என் அப்பா வண்டிக்கு என்ன ஆயிற்று? என் கல்யாணத்துக்கு அந்த வண்டியில்தான் பேரூர் கோயிலுக்குப் போனோம்.

சித்தப்பா, காலை 8:05
கெட்டியான ஆயில் ஊற்றினால் சத்தம் அடங்கிவிடும் என்று என் நண்பர் சொல்கிறார். இன்ஜினை இறக்குவதெல்லாம் பெரிய செலவு. யோசித்துச் செய்யுங்கள்.

பெரியப்பா, காலை 8:21
தம்பி, சத்தம் அடங்கும், தேய்மானம் அடங்காது. இன்ஜினுக்குள் சுற்றும் தண்டான கிராங்கும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல், நடுவில் இருக்கும் ஆயில் படலத்தின் மேல்தான் சுற்ற வேண்டும். பேரிங்குக்குள் சுற்றும் கிராங்கின் உருளைப் பகுதியை ஜர்னல் என்போம். இரண்டு அங்குல ஜர்னலுக்கு அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு இடைவெளி இருந்தால் படலம் நிற்கும். இடைவெளி கூடினால் ஆயில் பக்கவாட்டில் வழிந்து ஓடிவிடும். வழிந்தால் அழுத்தம் குறையும், அழுத்தம் குறைந்தால் இன்னும் தேயும். விளக்கு மினுக்கியது அதனால்தான். அப்படியே ஓட்டினால் ஒரு நாள் பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட் உடைந்து பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். என் கண்ணால் இரண்டு வண்டிகளில் பார்த்திருக்கிறேன். பேரிங் மாற்றும் செலவை யோசிக்கிறாய். பிளாக் போனால் எங்கே தேடுவது? உத்தரபாராவில் அம்பாசிடர் தயாரிப்பு 2014லேயே நின்றுவிட்டது.

சித்தப்பா, காலை 8:30
சரி அண்ணா. நீங்கள் சொன்னால் சரிதான்.

பிரபு, காலை 11:48
மெக்கானிக் வந்து பார்த்தார். அரை நிமிடம் மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றினார். இரண்டாவது சிலிண்டர் வயரை எடுத்தவுடன் தட்டல் பாதியாகிவிட்டது.

பெரியப்பா, காலை 11:52
அப்படியென்றால் அது இரண்டாவது ராடின் பிக் எண்ட் பேரிங், அதாவது ராட் கிராங்கைப் பிடிக்கும் முனையில் இருப்பது. அந்தச் சிலிண்டரில் வெடிப்பு இல்லாவிட்டால் ராடைக் கீழே தள்ளும் வேகம் இல்லை, அதனால் தட்டலும் குறையும். கிராங்கை பிளாக்கில் தாங்கும் மெயின் பேரிங்காக இருந்தால் சத்தம் இன்னும் ஆழமாக, மரக்கட்டையை இடிப்பது போல இருக்கும். நல்ல மெக்கானிக் கண்ணு, அவரையே வைத்துக்கொள்.

கவிதா, பகல் 1:10
பேரிங் என்றால் சைக்கிள் சக்கரத்தில் இருக்கும் குண்டுகள் போன்றதா பெரியப்பா?

பெரியப்பா, பகல் 1:18
இல்லை அம்மிணி. இதில் குண்டே கிடையாது. அரைவட்டமாக வளைத்த மெல்லிய இரண்டு தகடுகள், சேர்த்தால் ஒரு வளையம். பின்புறம் இரும்பு, உட்புறம் நகத்தால் கீறினாலே கோடு விழும் அளவுக்கு மிருதுவான உலோகம். கிராங்கைக் காப்பாற்றத் தான் தேய்ந்துபோகவே அதைச் செய்கிறார்கள். சின்னத் தூசி வந்தால்கூடத் தனக்குள் அமுக்கி வைத்துக்கொள்ளும்.

செவ்வாய்க்கிழமை

பிரபு, மாலை 6:02
இன்ஜினை இறக்கி ஆயில் சேம்பரைக் கழற்றியாயிற்று. சேம்பர் அடியில் செம்பு நிறத்தில் மினுமினுப்பாகப் பொடி. [படம்]
இரண்டாவது ராடின் பேரிங் தகடு இது. [படம்]

பெரியப்பா, மாலை 6:10
மேல் பூச்சு முழுதும் போய்ச் செம்பு தெரிகிறது. தகட்டின் பின்புறத்தைத் துடைத்துப் படம் எடு.

பிரபு, மாலை 6:14
020 என்று பொறித்திருக்கிறது.

பெரியப்பா, மாலை 6:20
அப்பார் காலத்திலேயே கிராங்கைச் சாணை பிடித்திருக்கிறார்கள். பட்டறையில் பத்து, இருபது, முப்பது, நாற்பது என்போம். ஒவ்வொரு முறையும் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்கு குறைத்துக்கொண்டே போவது. நம் வண்டி இருபதில் இருக்கிறது. நாற்பதுக்கு மேல் போக முடியாது.

பிரபு, மாலை 6:31
மெக்கானிக்குக்குத் தெரிந்த கடையில் இருபது அளவு பேரிங் இருக்கிறதாம். நாளைக்கே மாட்டிவிடலாம் என்கிறார்.

பெரியப்பா, மாலை 6:33
மாட்டாதே. முதலில் மைக்ரோமீட்டர் வைத்து அளக்கச் சொல். ஒரு ஜர்னலை நேராக ஓர் அளவு, குறுக்காக ஓர் அளவு. வட்டமாக இல்லாத கிராங்கின் மேல் புதுப் பேரிங் போடுவது, கோணிய காலுக்குப் புதுச் செருப்பு வாங்குவது போலத்தான். ஆயிரம் கிலோமீட்டருக்குள் மறுபடி தட்டும்.

பிரபு, இரவு 8:45
அளந்தாயிற்று. ஒன்று, மூன்று, நான்கு பரவாயில்லை. இரண்டாவது ஜர்னல் நேராக 1.855 அங்குலம், குறுக்கே 1.852.

பெரியப்பா, இரவு 8:57
ஆயிரத்தில் மூன்று பங்கு கோணல். சாணை பிடித்தே ஆக வேண்டும். 1.876 தான் இதன் முதல் அளவு. நான்கு பிக் எண்டையும் ஒரே மாதிரி முப்பதுக்கு, அதாவது 1.846க்குக் கொண்டு வரச் சொல். மெயின் மூன்றையும் அளந்தாயா?

பிரபு, இரவு 9:01
மூன்றுமே ஒரு பங்குக்குள்தான்.

பெரியப்பா, இரவு 9:12
அப்படியென்றால் மெயினைச் சாணைக் கல்லில் வைக்க வேண்டாம், பாலிஷ் போதும். இருபது அளவிலேயே புது பேரிங் போடலாம். நடு மெயினில் இருக்கும் அரைவட்ட வாஷர்களையும் மாற்றிவிடு. கிளட்சை மிதிக்கும்போது கிராங்க் முன்னால் நகராமல் தாங்குவது அவைதான்.

லேத் பட்டறையில் இரண்டு விஷயம் மட்டும் நேரில் நின்று சொல். ஜர்னல் முடியும் மூலையில் ஒரு சின்ன வளைவு இருக்கும், அதைக் கூர்மையாக வெட்டிவிடக் கூடாது. வெட்டினால் கிராங்க் அந்த இடத்தில்தான் முறியும். மூன்றே மெயின் பேரிங் தாங்கும் கிராங்க் இது. இரண்டாவது, சாணை முடிந்ததும் ஆயில் துளைகளுக்குள் பிரஷ் விட்டு, மண்ணெண்ணெயில் கழுவி, காற்று அடிக்க வேண்டும். எங்கள் பழைய வண்டி ஒன்றில், ஊர் பேர் வேண்டாம், ஒரு பட்டறையில் இதைச் செய்யாமல் கொடுத்துவிட்டார்கள். துளைக்குள் நின்ற சாணைத் தூள் நான்கே நாளில் புதுப் பேரிங்கைத் தின்றுவிட்டது. அன்று அப்பார் ஒரு வார்த்தை பேசவில்லை, தகட்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அத்தை, இரவு 9:20
எனக்கு நினைவிருக்கிறது அண்ணா. அன்று சாப்பிடவும் இல்லை.

வெள்ளிக்கிழமை

பிரபு, காலை 10:05
கிராங்க் வந்துவிட்டது. ராட் மூடிகளில் 1, 2, 3, 4 என்று புள்ளி அடித்து வைத்திருந்தோம், அதே ராடுக்கு அதே மூடி. தகட்டின் பின்புறத்தைச் சுத்தமாகத் துடைத்து எண்ணெய் இல்லாமலும், உட்புறத்தில் எண்ணெய் தடவியும் வைக்கிறோம். சரிதானே பெரியப்பா?

பெரியப்பா, காலை 10:08
சரி. ஆனால் எண்ணெய் தடவுமுன் பிளாஸ்டிகேஜ் நூல் வைத்து, அது நசுங்கிய அகலத்தைக் கொண்டு இடைவெளி பார்த்துவிடு. மூடியை முறுக்கிய பிறகு கிராங்கைச் சுற்றாதே, நூல் இழுபட்டுவிடும். கூடினால் காகிதம் வைப்பது, மூடியை அராவுவது எல்லாம் வேண்டாம். யார் சொன்னாலும் வேண்டாம்.

பிரபு, பகல் 12:40
மூன்றில் 0.05 மில்லிமீட்டர், ஒன்றில் அதற்கும் சற்றுக் குறைவு.

பெரியப்பா, பகல் 12:41
அருமை. இனி ஒவ்வொரு மூடியை டார்க் ரெஞ்சில் முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார். இறுகினால் அங்கேயே நிறுத்திக் கழற்று.

ஞாயிற்றுக்கிழமை

பிரபு, மாலை 5:18
பிளக் நான்கையும் கழற்றிவிட்டு, அப்பாரின் பழைய கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். வெண்ணெயில் கத்தி போவது போலச் சுற்றியது. ஸ்டார்ட்டரில் சுற்றியபோது ஆயில் விளக்கு அணைந்தது. அதன் பிறகே பிளக் போட்டு ஸ்டார்ட் செய்தோம். [குரல் பதிவு]

பெரியப்பா, மாலை 5:25
மூன்று முறை கேட்டேன். தட்டல் இல்லை. டேப்பெட் சத்தம் மட்டும்தான், அது இருக்கட்டும்.

அத்தை, மாலை 5:26
எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அதே சத்தம்.

சித்தப்பா, மாலை 5:40
கெட்டி ஆயில் ஊற்றியிருந்தால் இந்தச் சத்தம் கேட்டிருக்காது. நன்றி அண்ணா.

கவிதா, மாலை 6:02
அடுத்த வெள்ளிக்கிழமை எல்லோரும் மருதமலை போகலாமா?

பெரியப்பா, மாலை 6:07
500 கிலோமீட்டர் ஆகும் வரை மேடு வேண்டாம் அம்மிணி. அதுவரை வேகமும் வேண்டாம், இன்ஜின் திணறும்படி டாப் கியரில் இழுக்கவும் வேண்டாம். 500 ஆனதும் ஆயிலை மாற்ற வேண்டும். பிரபு, இன்றைய கிலோமீட்டரை டேஷ்போர்டில் ஒட்டி வை. வெள்ளிக்கிழமை பேரூர் போகலாம், சமதளம்தான். அத்தையை முன் சீட்டில் உட்கார வை.