மறுமொழி: ‘சோஷியல் கனெக்‌ஷன்’ – தமிழில் எப்படிச் சொல்வது?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

ஒருவர் மற்றவர்களோடு எவ்வளவு பழகி, ஒருவருக்கொருவர் எவ்வளவு துணையாக இருக்கிறார் என்பதைத்தான் ஆங்கிலத்தில் ‘சோஷியல் கனெக்‌ஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘சமூக இணைப்பு’, ‘சமூகத் தொடர்பு’, ‘சமூகப் பிணைப்பு’, ‘சுற்றந்தழால்’ என்று இதுவரை நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. கேட்டவர் மருத்துவர் அம்மா. சென்னையின் தென்பகுதியில் உள்ள பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்பில் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தம் பார்க்கும் தன்னார்வலர்கள், முதியோரிடம் வாயால் கேட்க வேண்டிய கேள்விக்குச் சொல் தேடுகிறார். அகராதிக்கு மட்டும் என்றால் நான்கில் எதை வைத்தாலும் பாதகமில்லை. வாசலில் நின்று கேட்பதற்கு ஒன்றுமே உதவாது என்பது என் எண்ணம்.

‘இணைப்பு’ என்றால் சென்னையில் கேஸ் இணைப்பு, மின் இணைப்பு, குடிநீர் இணைப்பு. “உங்கள் சமூக இணைப்பு எப்படி இருக்கிறது?” என்று பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டுப் பார்த்தேன். “மீட்டர் பேர் மாத்தணும்பா, யாரைப் பார்க்கணும்?” என்றார். ‘தொடர்பு’ இன்னும் மோசம். மாலைச் செய்தித்தாள்கள் அதற்கு முன்னால் ‘கள்ள’ சேர்த்தே பழக்கிவிட்டன. ‘பிணைப்பு’ வேதியியல் பாடத்துக்குப் போய்விட்டது.

> குறளில் 53ஆம் அதிகாரமே ‘சுற்றந்தழால்’ என்று இருக்கும்போது புதிதாக எதற்கு?

ஐயா, அழகான சொல்தான். தழால் என்றால் தழுவிக்கொள்வது. ஆனால் சுற்றம் என்றால் சொந்தபந்தம். கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் அனுப்பப்பட்டவர்கள் இழந்தது சொந்தபந்தத்தை மட்டுமா? கடனுக்கு இட்லி கொடுத்த ஆயா, காய்ச்சல் என்றால் ஆட்டோவை எடுத்த எதிர்வீட்டுப் பையன், வேலை சொன்ன அக்கா என்று ரத்த உறவில்லாத ஒரு கூட்டமே போய்விட்டது. சொல் இவர்களையும் உள்ளே சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கருத்தையும் கொஞ்சம் பார்த்துவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2023 நவம்பரில் இதற்கென்றே ஓர் ஆணையம் அமைத்தது. 2025 ஜூனில் வந்த அதன் அறிக்கை, உலகில் ஆறு பேரில் ஒருவரைத் தனிமையுணர்வு வாட்டுகிறது என்றும், ஆண்டுக்கு ஏறத்தாழ 8,71,000 மரணங்களோடு அதற்குத் தொடர்பு உண்டு என்றும் மதிப்பிட்டது. அங்கே மூன்று விஷயங்களைச் சேர்த்தே பார்க்கிறார்கள்: எத்தனை பேரோடு எவ்வளவு பழக்கம், ஆத்திர அவசரத்துக்குக் கை கொடுப்பார்களா, அந்தப் பழக்கம் மனத்துக்கு இதமா உபத்திரவமா. கடைசியை விட்டுவிடக் கூடாது. வீடு நிறைய ஆள் இருந்தும் ஒருவர்கூட முகம் கொடுத்துப் பேசாத பெரியவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். 2010இல் அமெரிக்க உளவியலாளர் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட் குழு 148 ஆய்வுகளைத் தொகுத்தபோதும் இதுதான் தெரிந்தது: தனியாக வசிக்கிறாரா இல்லையா என்ற ஒற்றைக் கேள்வி ஆயுளைப் பற்றிக் குறைவாகவே சொன்னது, பலவகை உறவுகளையும் சேர்த்துப் பார்த்த அளவீடுதான் அதிகம் சொன்னது.

என் பரிந்துரை: ஒட்டுறவு. கலைச்சொல்லாக வேண்டும் என்றால் ‘சமூக ஒட்டுறவு’. “அக்கம்பக்கத்தோடு ஒட்டுறவா இருக்கீங்களா?” என்று கேட்டால் யாரும் திருப்பி அர்த்தம் கேட்க மாட்டார்கள். சொந்தம், நட்பு, பக்கத்து வீடு எல்லாம் அதில் அடங்கும். எண்ணிக்கையைவிட நெருக்கம் முன்னே நிற்கும். “ஒட்டும் இல்லை உறவும் இல்லை” என்று சண்டையில்தான் அதிகம் காதில் விழுகிறதே என்பீர்கள். விழட்டும், பொருள் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எதிர்ப்பதத்தில்தான் சிக்கல். ‘தனிமைப்படுத்தல்’ என்றதும் 2020இல் வாசலில் அடித்த தகரம் ஞாபகத்துக்கு வரும். ‘சமூக விலக்கம்’ என்றால் ஊர்விலக்கு. மனம் உணர்வதைத் ‘தனிமையுணர்வு’ என்றும், ஆள் தொடர்பே அற்றுப்போன நிலையை ‘ஒட்டுறவின்மை’ என்றும் பிரிக்கலாம். வெறும் ‘தனிமை’யை நோயாக்க வேண்டாம், ஏகாந்தம் இனிது என்றவர்கள் நாம். காலை ஐந்து மணிக்கு மெரினாவில் ஒற்றை ஆளாக நடப்பவருக்குத் துண்டறிக்கை எதற்கு?

> ஐயா, நன்றி. மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் ‘சமூக இணைப்பு’ என்று ஏற்கெனவே போய்விட்டது, மாற்ற முடியாது. கேள்வித்தாளில் ‘ஒட்டுறவு’ போடுகிறேன். ஆனால் ‘ஒட்டுறவின்மை’ தன்னார்வலர் வாயில் நுழையவில்லை.

அப்படியானால் அம்மா, அந்த இடத்தில் பெயர்ச்சொல்லே வேண்டாம். “ஒரு அவசரம்னா கூப்பிட ஆள் இருக்கா? கடைசியா யார்கிட்ட உட்கார்ந்து பேசினீங்க?” என்று இரண்டு கேள்வியாகவே வைத்துவிடுங்கள். ‘ஒட்டுறவின்மை’ அட்டவணைத் தலைப்பில் இருந்துகொள்ளட்டும்.