0-3 என்று பின்தங்கிய பிறகு பாஸ்டன் மீண்டது எப்படி? 2004 யாங்கீஸ் தொடர் பற்றி மகள் கேட்ட இரண்டு கேள்விகள்

மூக்கனேரிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி சாஃப்ட்பால் அணியில் இரண்டாவது பேஸில் நிற்கிறாள். அதுவரை எங்கள் வீட்டில் விளையாட்டு என்றால் நடராஜனின் யார்க்கர்தான். கன்னங்குறிச்சியில் எந்த வீட்டிலும் அப்படித்தான். இப்போது சாப்பிடும்போதுகூட பேஸ், ஸ்டீல் என்று பேச்சு ஓடுகிறது.

பாஸ்டன் பக்கம் வேலை பார்க்கும் என் அக்கா மகன், அமெரிக்க பேஸ்பாலில் 2004 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் பதிவுகளை அவளுக்கு அனுப்பியிருந்தான். பாஸ்டன் ரெட் சாக்ஸுக்கும் நியூயார்க் யாங்கீஸுக்கும் நடந்த தொடர். ஏழு ஆட்டங்களில் முதலில் நான்கை வெல்பவர்கள் கோப்பைக்கான உலகத் தொடருக்குப் போவார்கள். யாங்கீஸ் முதல் மூன்றையும் வென்றுவிட்டது. மூன்றாவது ஆட்டம் 19-8. அதோடு முடிந்தது என்று நான் எழுந்து போய்விட்டேன். அவள் உட்கார்ந்து நான்காவதையும் பார்த்துவிட்டு வந்து இரண்டு கேள்வி கேட்கிறாள்.

ஒன்பதாவது இன்னிங்ஸ், பாஸ்டன் 3-4 என்று பின்தங்கியிருக்கிறது. கெவின் மில்லருக்குப் பதிலாக டேவ் ராபர்ட்ஸ் ஓட வருகிறார். பிட்சர் பந்தை விடுவதற்கு முன்பே அவர் பேஸை விட்டுப் பல அடி தள்ளி நிற்கிறார். நாங்கள் அப்படி நின்றால் நடுவர் அவுட் கொடுத்துவிடுவார், அவருக்கு மட்டும் எப்படி அனுமதி என்பது ஒரு கேள்வி. ஒரே ஒரு பேஸை ஸ்டீல் செய்ததை (பேட்டர் அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பதை) இத்தனை ஆண்டுகளாக ஏன் கொண்டாடுகிறார்கள், அதற்குப் பிறகும் மூன்று ஆட்டங்களை வென்றாக வேண்டியிருந்ததே என்பது இன்னொன்று. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மாங்கனி நகரம்:

பாஸ்டன் 1918-க்குப் பிறகு கோப்பையைத் தொட்டதே இல்லை. பேப் ரூத் என்ற மாபெரும் ஆட்டக்காரரை யாங்கீஸிடம் விற்றுவிட்டார்கள், அந்தச் சாபம் 86 ஆண்டுகள் தொடர்ந்தது என்பார்கள். 2004-இல் சாபம் தீர்ந்தது. இந்தத் தொடரை முடித்த கையோடு செயின்ட் லூயிஸ் அணியை 4-0 என்று வீழ்த்தி உலகத் தொடரையும் வென்றார்கள். மூன்று ஆட்டம் தோற்றுவிட்டு நான்கையும் வெல்வது அதற்கு முன் அந்த லீகில் நடந்ததே இல்லை. நேரம் கூடி வந்தது, அவ்வளவுதான்.

நாகலூர் டீச்சர்:

மூக்கனேரித் தம்பி, முதலில் உங்கள் மகளுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பந்தை விட்டுவிட்டு ரன்னரின் காலைக் கவனிக்கிற கண் எல்லாருக்கும் வாய்க்காது. சேலத்தில் பள்ளிப் பெண்களுக்கு சாஃப்ட்பால் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் இருக்கிறேன். அக்டோபர் வந்தால் இந்த ஆட்டங்களை விடுவதில்லை. அங்கே இரவு எட்டு மணி என்றால் இங்கே விடியற்காலை ஐந்தரை. மூட்டத்தில் சிக்னல் வந்து வந்து போகும், இருந்தாலும் பார்ப்பேன்.

அவள் சொல்வது சரிதான். சாஃப்ட்பாலில் பிட்சரின் கையை விட்டுப் பந்து கிளம்பும்வரை ரன்னரின் கால் பேஸில் இருக்க வேண்டும். பேஸ்பாலில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. ரன்னர் விலகி நிற்கலாம். ஆனால் பிட்சர் சட்டென்று திரும்பி முதல் பேஸுக்கு எறிந்து அவரை அவுட்டாக்கவும் செய்யலாம். அங்கே பேஸுக்குப் பேஸ் 90 அடி, நம் பிள்ளைகளுக்கு 60 அடி. அந்தத் தூரத்தை நின்ற இடத்திலிருந்து கிளம்பிக் கடக்கச் சொன்னால் ஒருவராலும் ஸ்டீல் செய்ய முடியாது.

அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். யாங்கீஸ் பிட்சர் மரியானோ ரிவேரா அடுத்தடுத்து மூன்று முறை முதல் பேஸுக்கு எறிகிறார். மூன்று முறையும் ராபர்ட்ஸ் பாய்ந்து திரும்புகிறார். மாலை முழுக்க உட்கார்ந்திருந்து குளிரில் விறைத்த கால்கள் அவருடையவை. அந்த மூன்று எறிகள்தான் தன்னை ஆட்டத்துக்குள் கொண்டுவந்தன என்று பிற்பாடு அவரே சொல்லியிருக்கிறார். பிறகு பேட்டருக்கு முதல் பந்து. ராபர்ட்ஸ் கிளம்பிவிட்டார். கேட்சர் போசாடாவின் எறியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது பேஸில் ஜீட்டர் பந்தை வாங்கிக் கிளவுஸை இறக்குவதற்குள் தலை முன்னால் போகச் சறுக்கிய ராபர்ட்ஸின் கை பேஸில் பட்டுவிட்டது. எங்கள் பள்ளியில் சாக்குப்பையில் தேங்காய் நாரை அடைத்துத் தைத்த பேஸ்தான். செம்மண்ணில் ஒருமுறை சறுக்கினால் முழங்கைத் தோல் வழன்றுவிடும். அப்படிச் சறுக்கிப் பழகிய பெண்ணுக்கு அந்தக் கை செய்த வேலை பார்த்தவுடன் புரியும்.

அடுத்து பில் மியூலர் நடுவில் அடித்தார், ராபர்ட்ஸ் ஓடி வந்தார், 4-4. பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஓர்டிஸின் ஹோம் ரன், 6-4. ராபர்ட்ஸ் அந்த ஆண்டு ப்ளே-ஆஃப் முழுவதிலும் ஒரு முறைகூட பேட் செய்ய இறங்கவில்லை. ஓடுவதற்காக மட்டுமே வந்தார். அவர் ஓடப்போகிறார் என்பது மைதானத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் தெரியும், தெரிந்தும் தடுக்க முடியவில்லை. கொண்டாடுவது அதற்காகத்தான், அது நியாயமும்கூட.

ஆனால் தொடரையே திருப்பியவர் யார் என்று கேட்டால் நான் ராபர்ட்ஸைச் சொல்ல மாட்டேன். டிம் வேக்ஃபீல்ட் என்பேன். அந்த 19-8 ஆட்டத்தில் நீங்கள் எழுந்து போனீர்களே, அங்கேதான் அது நடந்தது.

மறுநாள் நான்காவது ஆட்டத்தைத் தொடங்கி வைக்க வேண்டிய பாஸ்டன் பிட்சர் வேக்ஃபீல்ட். மூன்றாவது ஆட்டம் கைமீறிப் போகிறது, ஒருவர் மாற்றி ஒருவராக பிட்சர்கள் அடி வாங்குகிறார்கள். வேக்ஃபீல்ட் தானாக முன்வந்து ‘நான் வீசுகிறேன், மற்றவர்களின் கை மிஞ்சட்டும்’ என்று இறங்கினார். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில், தன் முறையை விட்டுக்கொடுத்து, மூன்று இன்னிங்ஸுக்கு மேல் வீசினார். அவருக்கும் அடி விழுந்தது. ஆனால் அவர் தாங்கிக்கொண்ட அந்த ஓவர்கள் (நம் மொழியில் அப்படியே சொல்கிறேன்) மறுநாள் பன்னிரண்டு இன்னிங்ஸ் ஆட மற்றவர்களுக்குத் தெம்பாக இருந்தன.

மழையையும் கணக்கில் எடுங்கள். மூன்றாவது ஆட்டம் அக்டோபர் 15-இல் நடந்திருக்க வேண்டியது. மழையால் 16-க்குத் தள்ளிப்போனது. பாஸ்டனிலிருந்து நியூயார்க் போக ஒதுக்கியிருந்த ஓய்வு நாள் அதோடு போயிற்று. 16 முதல் 20 வரை ஐந்து நாளில் ஐந்து ஆட்டம். நான்காவது ஆட்டம் முடிந்தபோது அங்கே நள்ளிரவு தாண்டி 1:22. அதே நாள் மாலை ஐந்து மணிக்கு ஐந்தாவது தொடங்கி 14 இன்னிங்ஸ், 5 மணி 49 நிமிடம் நடந்தது. இப்படிப்பட்ட தொடரில் பிட்சரின் தோள்தான் கையிருப்பு. அதை யார் சேமித்தார்களோ அவர்களே கடைசியில் நின்றார்கள்.

வேக்ஃபீல்ட் விட்டுக்கொடுத்த நான்காவது ஆட்டத்தைத் தொடங்கியவர் டெரெக் லோ. ப்ளே-ஆஃபுக்கு வரும்போது தொடக்க பிட்சர்களின் வரிசையில் அவருக்கு இடமே இல்லை. அந்த லோ இரண்டு நாள் மட்டுமே ஓய்வெடுத்து ஏழாவது ஆட்டத்தில் யாங்கீஸ் மைதானத்தில் இறங்கினார். ஆறு இன்னிங்ஸில் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு ஹிட். பாஸ்டன் 10-3 என்று வென்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதற்கு முந்தைய ஆண்டு, 2003-இல், இதே இரு அணிகள், இதே கட்டம், ஏழாவது ஆட்டம். பதினொன்றாவது இன்னிங்ஸில் ஏரன் பூன் அடித்த ஹோம் ரன்னில் பாஸ்டன் தோற்றது. அந்தப் பந்தை வீசியவர் வேக்ஃபீல்ட். ஓராண்டு முழுக்க அதைச் சுமந்த மனிதர் மறுபடி அதே எதிரியின் முன்னால், புள்ளிவிவரத்தில் தனக்குக் கெட்ட பெயர் மட்டுமே மிஞ்சும் வேலையைக் கேட்டு வாங்கினார். ஏழாவது ஆட்டம் முடிந்ததும் யாங்கீஸ் மேலாளர் ஜோ டோரி, பாஸ்டன் அணியின் அறைக்குத் தொலைபேசியில் அழைத்து வேக்ஃபீல்டிடம் பேசினார். எதிரணிக்கும் அது தெரிந்திருந்தது. 2023 அக்டோபர் முதல் தேதி வேக்ஃபீல்ட் காலமானார். என்னிடம் படித்த பெண்களுக்கு நான் அதிகம் சொன்ன ஆட்டக்காரர் பெயர் அவருடையதுதான்.

மாங்கனி நகரம், உங்களிடம் வருத்தமில்லை. ஆனால் சாபம், நேரம் என்று சொல்லிவிட்டால் இத்தனை பேர் கையும் காலும் வலிக்க உழைத்தது எங்கே போகும்?

சூரமங்கலம் யாங்கீ:

டீச்சரம்மாவுக்கு வணக்கம். 2004-இல் நான் நியூ ஜெர்சியில் வேலையில் இருந்தேன். அந்த ஐந்து இரவும் நான் யாங்கீஸ் பக்கம், இன்றும் அப்படியே. வேக்ஃபீல்ட் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட மறுக்க மாட்டேன். எங்கள் பக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ரிவேரா தோற்றார் என்று சிலர் சுலபமாகச் சொல்கிறார்கள். தொடர் தொடங்கும் நாளில் அவர் பனாமாவில் இருந்தார். அவர் வீட்டு நீச்சல் குளத்தில் நேர்ந்த விபத்தில் மனைவியின் உறவினர்கள் இருவர் இறந்திருந்தார்கள். இறுதிச் சடங்கை முடித்துவிட்டு விமானம் ஏறி, முதல் ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது வந்து சேர்ந்து, அன்றே வீசி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தார். நான்காவது ஆட்டத்தில் எட்டாவது இன்னிங்ஸிலேயே அவரை இறக்கினார்கள், அடுத்த ஆட்டத்திலும் அப்படியே. தோள் சேமிப்பு பற்றிச் சொன்னீர்களே, எங்களிடம் நம்பி இறக்க அவரையும் டாம் கார்டனையும் விட்டால் ஆளில்லை.

ராபர்ட்ஸின் ஸ்டீலை விட அதற்கு முன் ரிவேரா மில்லருக்குக் கொடுத்த இலவச பேஸ்தான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஒரு ரன் முன்னிலையில் முதல் பேட்டருக்கே நான்கு பந்து வெளியே. அடிக்க வைத்திருக்கலாம்.

ஐந்தாவது ஆட்டத்தில் இன்னொன்று நடந்தது, கிரிக்கெட் பார்க்கிற நமக்கு அது நன்றாகப் புரியும். ஒன்பதாவது இன்னிங்ஸ், 4-4, இரண்டு அவுட். முதல் பேஸில் ரூபென் சியரா. டோனி கிளார்க் வலது மூலையில் அடித்த பந்து தரையில் குத்தி, ஃபென்வே மைதானத்தின் அந்தக் குட்டைச் சுவரைத் தாண்டிக் கூட்டத்துக்குள் விழுந்தது. நம் ஆட்டத்தில் நான்கு ரன். அங்கே எல்லாருக்கும் இரண்டே பேஸ். சியரா மூன்றாவது பேஸில் நிற்க வேண்டியதாயிற்று. பந்து சுவருக்குள்ளேயே உருண்டிருந்தால் அவர் ஓடி முடித்திருப்பார், ஆட்டமும் தொடரும் எங்களுடையது. அடுத்த பேட்டர் அவுட். பதினான்காவது இன்னிங்ஸில் மறுபடியும் ஓர்டிஸ் அடித்தார், ஜானி டேமன் ஓடி வந்தார், 5-4.

ஆறாவது ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல மனமில்லை. கணுக்கால் தசைநாரைத் தையல் போட்டு நிறுத்திவைத்து, காலுறையில் ரத்தம் கசிய பாஸ்டன் பிட்சர் ஷில்லிங் ஏழு இன்னிங்ஸ் வீசினார். எங்கள் அலெக்ஸ் ரோட்ரிகஸ், இன்னொரு பாஸ்டன் பிட்சர் அரோயோவின் கிளவுஸிலிருந்து பந்தைத் தட்டிவிட்டார். நடுவர்கள் கூடிப் பேசி அவுட் கொடுத்தார்கள். அது சரியான தீர்ப்பு, யாங்கீஸ் ஆதரவாளனாகவே சொல்கிறேன்.

மூக்கனேரிக்காரன்:

டீச்சருக்கும் சூரமங்கலம் சாருக்கும் மிக்க நன்றி. இரண்டு பதில்களையும் அவளிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். இலவச பேஸ் விஷயத்தில் அவள் சூரமங்கலம் சார் பக்கம். இப்போது ஐந்தாவது ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதின்மூன்றாவது இன்னிங்ஸில் வேக்ஃபீல்ட் வீசும்போது கேட்சர் வேரிடெக் மூன்று முறை பந்தைத் தவறவிடுகிறார். இவ்வளவு பெரிய கேட்சருக்கு மெதுவாக வரும் பந்தைப் பிடிக்க முடியாதா என்கிறாள்.

நாகலூர் டீச்சர்:

மெதுவாக வருவதுதான் சிக்கல், தம்பி. வேக்ஃபீல்ட் வீசுவது நக்கிள்பால். விரல் நுனிகளால் பிடித்து, சுழற்சியே இல்லாமல் தள்ளிவிடுகிற பந்து. சுழலாத பந்தின் தையல் எந்தப் பக்கம் காற்றை எதிர்கொள்கிறதோ அதைப் பொறுத்து அது திசை மாறும். எங்கே போகும் என்று வீசியவருக்கே தெரியாது. அவருடைய பந்துகளை வழக்கமாகப் பிடிப்பவர் டக் மிராபெல்லி. அன்று வேரிடெக்கின் பேட்டிங் தேவைப்பட்டதால் மேலாளர் ஃபிராங்கோனா ஆளை மாற்றவில்லை.

அந்த இன்னிங்ஸின் முடிவை அவள் தவறவிட வேண்டாம். ஆட்டம் 4-4. தவறிய பந்துகளின் புண்ணியத்தில் யாங்கீஸுக்கு இரண்டாவது, மூன்றாவது பேஸ்களில் ஆள் நிற்கிறது, இரண்டு அவுட். இன்னொரு பந்து தவறினால் யாங்கீஸ் முன்னிலை. வேக்ஃபீல்ட் அப்போதும் நக்கிள்பாலை விடவில்லை. சியரா சுழற்றினார், பந்து படவில்லை, வேரிடெக் இந்த முறை பிடித்துவிட்டார். அவருடைய கிளவுஸைப் பார்க்கச் சொல்லுங்கள். பந்தைத் தேடி முன்னால் நீட்ட மாட்டார், உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு கடைசி நொடிவரை காத்திருப்பார். உங்கள் மகளின் அணியில் கேட்சராக நிற்கும் பெண்ணுக்கும் அதைக் காட்டட்டும். பிட்சர் மெதுவான பந்து போடும் நாளில் அவளுக்கு உதவும்.