மறு: ‘ஹியூரிஸ்டிக்’ – குத்துமதிப்பு என்றே வைக்கலாம்

குழுவினருக்கு வணக்கம். வழிதேடும் நிரல்களில் வரும் ‘ஹியூரிஸ்டிக்’ (heuristic) என்ற சொல்லுக்குத் தமிழில் ‘குத்துமதிப்பு’ என்று வைக்கலாம் என்பது என் கருத்து. அதற்கு வந்த மறுப்பு இது:

> ‘தன்னறிமுறை’ என்று வைக்கலாமே. ‘குத்துமதிப்பு’ பேச்சுவழக்கு, கலைச்சொல்லுக்கு உரிய கனம் அதில் இல்லை.

ஐயா, இந்த வரிக்கு மட்டும் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். வீடியோ கேம்களில் காவலர்களையும் எதிராளிகளையும் நடமாட வைக்கும் நிரல் எழுதுவதுதான் 18 ஆண்டுகளாக என் வேலை. அன்றாடம் கையாண்ட பொருள் இது. அதற்கு நல்ல பெயர் அமைய வேண்டும் என்ற ஆசை எனக்கு நிறையவே உண்டு.

ஏ-ஸ்டார் என்ற வழிதேடும் முறையை 1968இல் ஹார்ட், நில்சன், ரஃபேல் மூவரும் வெளியிட்டார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் அது இரண்டு எண்களைக் கூட்டுகிறது: இதுவரை வந்த செலவு, இனி ஆகக்கூடிய செலவின் மதிப்பீடு. கூட்டுத்தொகை குறைவாக உள்ள இடத்தை முதலில் ஆராய்கிறது. இரண்டாவது எண்தான் ஹியூரிஸ்டிக். அதைச் சுழியம் என்று வைத்தால் 1959இல் டைக்ஸ்ட்ரா வெளியிட்ட முறையாகிவிடும். நாலா பக்கமும் தேடி நேரத்தைத் தின்னும். நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் அடுத்தடுத்து வரும் படம்) ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது 16 மில்லிநொடிக்குச் சற்று மேல்.

ஏற்காடு அடிவாரத்தில் நின்று மேலே பாருங்கள். நேர்கோட்டில் பார்த்தால் மலை பக்கத்தில்தான் இருக்கிறது. பாதையோ 20 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறுகிறது. நேர்கோட்டுத் தூரம் பாதைத் தூரத்தை ஒருநாளும் தாண்டாது. மண் சரிந்து அந்தப் பாதை அடைபட்டு, குப்பனூர் வழியாகப் போனாலும் தாண்டாது. அதனால்தான் நேர்கோட்டுத் தூரத்தை ஹியூரிஸ்டிக்காக வைத்துத் தேடும்போது ஆகக் குறைந்த செலவுள்ள வழி தப்பாமல் கிடைக்கிறது. மதிப்பு உண்மையைத் தாண்டிவிட்டால் அந்த உறுதி போய்விடும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இதில் நன்றாக அடிபட்டேன். விளையாட்டின் வரைபடத்தில் ஒரு கட்டம் கடக்க வயலில் செலவு 1, சாலையில் 0.5 என்று வைத்திருந்தேன். மீதித் தூரத்தை மட்டும் கட்டத்துக்கு 1 என்றே மதிப்பிட்டேன். பக்கத்திலேயே சாலை கிடக்க, வீரர்கள் எல்லாரும் வயலில் இறங்கி நடந்தார்கள். இரண்டு நாள் வரைபடத்தில் பிழை தேடினேன். கடைசியில், மதிப்பை ஆகக் குறைந்த செலவான 0.5ஆல் பெருக்கியதும் சாலைக்கு வந்துவிட்டார்கள்.

‘தன்னறிமுறை’ என்று கேட்கும் மாணவர், தானே கற்றுக்கொள்ளும் ஏதோ ஓர் இயந்திரம் என்றுதான் நினைப்பார். இது ஓர் எண், அதுவும் ஒரு மதிப்பீடு என்பது அந்தச் சொல்லில் இல்லை. எங்கள் பக்கம் மாந்தோப்புக்கு வரும் வியாபாரி காயை எண்ணுவதில்லை. மரத்தைச் சுற்றி வந்து, “குத்துமதிப்பா இவ்வளவு தேறும்” என்பார். கூடச் சொன்னால் கையைக் கடிக்கும் என்பதால் சற்றுக் குறைத்தே சொல்வார். எண்ணாமல், பழகிய கண்ணால் வைக்கும் மதிப்பு. நாங்கள் நிரலில் எழுதுவதும் அதையேதான். உளவியலில் இதே ஆங்கிலச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது, அங்கே இது பொருந்தாது. நான் கேட்பது வழிதேடலுக்கு மட்டும்.

அப்புறம், உண்மையைத் தாண்டாத வகைக்கு ‘மிகாக் குத்துமதிப்பு’ என்கிறேன். ‘வல்லினம் மிகா இடங்கள்’ படித்த எல்லாருக்கும் ‘மிகா’ பழகிய சொல். (இங்கே ‘க்’ மிகுவது சரிதான், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் வலி மிகும்.) குத்துமதிப்பைக் கணக்கிடும் சார்புக்கு (function) ‘குத்துமதிப்புச் சார்பு’.

வேண்டுமென்றே கூட்டி வைப்பதும் உண்டு. மிகாக் குத்துமதிப்பை 1.5ஆல் பெருக்கினால் தேடல் பெரும்பாலும் சீக்கிரம் முடியும். கிடைக்கும் வழியின் செலவும் ஆகச் சிறந்த வழியின் செலவில் ஒன்றரை மடங்கைத் தாண்டாது. துரத்தி வரும் காவலனுக்கு அது போதும். விளையாடுபவர் கவனிப்பது அவன் தயங்காமல் ஓடி வருகிறானா என்பதைத்தான். இதை ‘மிகைக் குத்துமதிப்பு’ என்று குறித்து வருகிறேன். ஆனால் மிகை, மிகா இரண்டும் காதில் ஒன்றுபோல் விழுகின்றன. இதற்கு வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
அஸ்தம்பட்டி, சேலத்திலிருந்து