டெக்கன் 8 (Tekken 8) சண்டை வீடியோ கேம் போட்டி: திருச்சியில் ஹால் வாடகை இடிக்கிறது, சென்னைக்கே திரும்பிவிடலாமா?

லோகிக்_லோகு:
ஆவணியில் ஒரு ஞாயிறு போட்டி வைக்கிறோம். 32 பேர், டபுள் எலிமினேஷன் (இரண்டு தடவை தோற்றால்தான் வெளியே). சென்னை 14, கோவை 8, மதுரை 6, நெல்லை 4. போன வருடம் சென்னையில் வைத்தபோது நெல்லைத் தம்பி ஒருவன் அரையிறுதியை விட்டுவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினான். இந்த முறை நடுவில் இருக்கட்டும் என்று திருச்சி ஜங்ஷன் பக்கம் ஒரு ஹோட்டல் பார்த்தேன். ஹாலுக்கு நான் நினைத்ததைப் போல் இரண்டு மடங்கு கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

காவிரிக்கரை:
ஊர் சரிதான், மாதம்தான் தப்பு. ஆவணி முகூர்த்த மாதம் நண்பா, நிச்சயதார்த்தக்காரர்களோடு நீங்கள் ஏலம் போட முடியாது. ஆடிக்குத் தள்ளுங்கள், ஹால்கள் காற்று வாங்கும். ஆனால் ஆடிப்பெருக்கை ஒட்டி, அதாவது ஆகஸ்ட் 3 வாக்கில் மட்டும் வேண்டாம். அம்மா மண்டபம் படித்துறைப் பக்கம் நிற்க இடம் இருக்காது, ரூமும் கஷ்டம். மார்கழியிலும் ஹால் கிடைக்கும், ஆனால் வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் நிரம்பி வழியும்.

கோவை_காம்போ:
ஒன்று கவனியுங்கள். 2025 ஜூலையிலிருந்து வெளியூர் பஸ்கள் பஞ்சப்பூர் புது பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டன. இறங்கி ரோட்டைத் தாண்டினால் லாட்ஜ் என்ற பழைய கணக்கு இப்போது இல்லை, டவுன் பஸ் பிடிக்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இருக்கிறது, ஆனால் விடியற்காலையில் கொண்டுவந்து தள்ளிவிடும். பகல் 12 மணிக்குத்தான் ரூம் என்கிற ஹோட்டலாக இருந்தால் 14 பேரும் பையோடு வரவேற்பறையில் தூங்குவார்கள். உள்ளே வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கா என்று கேட்டுவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

வயர்மேன்:
வாடகையை விட எனக்குக் கரண்ட்தான் பயம். ஒரு பிஎஸ்5 கேம் கன்சோல் சுமார் 200 வாட், மானிட்டர் 30 வாட். ஆறு செட் போட்டாலும் ஒன்றரை கிலோவாட்டுக்குள்தான், ஒரே 16 ஆம்பியர் பாயின்ட் தாங்கும். ஏசியோ சவுண்ட் செட்டோ அதே லைனில் வரக்கூடாது. "ஜெனரேட்டர் இருக்கு சார்" என்பார்கள். கரண்ட் போய் அது எடுப்பதற்குள் ஆறு கன்சோலும் அணைந்திருக்கும். செட்டுக்கு ஒரு சின்ன யுபிஎஸ் கட்டாயம். நேரில் போய் மெயினை ஒரு தடவை அணைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், மேனேஜர் முறைத்தாலும் பரவாயில்லை.

லோகிக்_லோகு:
யுபிஎஸ் யோசிக்கவே இல்லை அண்ணா, நன்றி. 63 ஆட்டம் வரை போகலாம். ஆறு செட்டில் காலை 10 மணிக்கு ஆரம்பித்தால் முடியுமா?

வயர்மேன்:
முதல் சுற்றுகள் பறக்கும். கடைசி எட்டுப் பேருக்கு வந்ததும் ஆறு செட்டையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியாது, அங்கேதான் நேரம் போகும். மாலை 6 மணி வரை ஹாலைப் பேசிவையுங்கள்.

லோகிக்_லோகு:
அப்டேட்: அதே ஹோட்டல், ஆடி இரண்டாவது ஞாயிறு. முதலில் சொன்னதில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வாடகை! 24 மணி நேரக் கணக்குதான் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும், தேதியைக் குழுவில் போட்டுவிட்டேன். இரண்டு பேருக்கு இன்னும் 18 வயது ஆகவில்லை, அவர்களுக்குத் தனியாக ரூம் தரமாட்டார்களாம்.

காவிரிக்கரை:
அப்பாவையோ மாமாவையோ கூட்டிவரச் சொல்லுங்கள். ஆட்டம் முடியும்வரை அவர்களுக்கு ஊர் சுற்றிக்காட்ட நான் இருக்கிறேன்.